ரொட்டிப் பாக்கெட்டில் அண்ணியின் எழுத்து

அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் சுழி. எந்த எழுத்துருவைக் கொண்டுவந்து காட்டினாலும் முதலில் 'ன', 'ண' இரண்டின் சுழிகளைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பாள். அதனால் ஒட்டிக்கொண்ட பேர். "எழுத்துச் சுழியா, தலைச்சுழியா?" என்று கேலி செய்கிறவர்களிடம் "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

தமிழ் எழுத்துருக்கள் செய்து விற்கிற சின்ன நிறுவனம் அது. சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை. கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம் மேலே மேஜை வரைக்கும் கேட்கும். பாடப் புத்தகத்துக்கான எழுத்து, பேருந்துப் பலகைக்கான எழுத்து, மருந்துச் சீட்டுக்கான குட்டி எழுத்து என்று நிமிர்ந்து நிற்கிற எழுத்துகளில் சுழி கெட்டிக்காரி. சாய்ந்து, வழிந்து, ஓடுகிற எழுத்துதான் அவள் கைக்கு வரவே வராது.

அப்படிப்பட்டவளின் மேஜைக்குத்தான் அந்த ரொட்டிக் கம்பெனியின் வேலை வந்தது. பாக்கெட்டின் மேல் போடுவதற்குத் தூரிகையால் கைப்பட எழுதிய மாதிரி ஒரு எழுத்துரு வேண்டும் என்றார்கள். எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, "அவசரமா, ஆனா பாசமா" என்றார்களாம். முதலாளி அதைச் சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சுழி கடைக்குப் போய்த் தூரிகைகள் வாங்கி வந்தாள். தட்டை, உருண்டை, முனை மழுங்கியது என்று எல்லாவற்றாலும் எழுதித் தள்ளினாள். முதலாளி ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

"சுத்தமா இருக்கு, சுழி."

"அப்போ சரியா?"

"சுத்தமா இருக்கறதுதான் பிரச்சினை. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கு. இந்த எழுத்தைப் பார்த்தா எனக்குப் பசிக்கவே இல்லையே."

அவர் சொன்னது உண்மைதான். இரண்டாம் முறை எழுதியதும் அதே கதி. ரொட்டிக்காரர்கள் வேறு ஆளைப் பார்க்கப்போவதாகப் பேச்சு வந்தது. முதலாளி சுழியின் மேஜையைக் கடக்கும்போது நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அந்த வாரம் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. பேச்சு குறைவு, கேட்டால் பதில், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அண்ணி அவனை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சண்டை என்று அக்கம்பக்கம் யாரும் ஒரு சத்தம்கூடக் கேட்டதில்லை. ஒருநாள் இரண்டு பெட்டியோடு கிளம்பி வேறு ஊருக்குப் போய்விட்டாள், அவ்வளவுதான். சுழிக்கு அண்ணியைப் பிடிக்கும். ஆனால் அண்ணி போன பிறகு சுழி அவளுக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. யார் பக்கம் என்று முடிவு செய்யாமல் இருப்பதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாள் ஆக ஆக, பேசாமல் இருந்ததே ஒரு பக்கம் சாய்ந்ததுபோல ஆகிவிட்டது. பிறகு கூப்பிடக் கூச்சமாகவும் ஆகிவிட்டது.

அண்ணன் குளிக்கப் போயிருந்தான். சுழி தேநீர் போட அடுப்படிக்குப் போய், சர்க்கரை டப்பாவுக்குக் கை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

டப்பாக்களில் எல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டி, கறுப்பு மையில் தூரிகையால் எழுதியிருந்தது. அண்ணியின் எழுத்து. எத்தனையோ தடவை பார்த்ததுதான். பார்த்தாள் என்று சொல்வதைவிட, அதிலிருந்து உப்பு எடுத்திருக்கிறாள், மிளகு எடுத்திருக்கிறாள். சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை' என்றும் அதன் கீழே 'இறுக்கி மூடவும். எறும்பு காத்துக்கொண்டிருக்கிறது' என்றும் இருந்தது. வெந்நீர் சுவிட்சுக்குப் பக்கத்தில் 'அணைச்சாச்சா?' குளிர்பெட்டிக் கதவில் 'காலிப் பாத்திரத்தைத் திரும்ப உள்ளே வைக்கிறவர் கவனத்துக்கு: நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.'

'ப' வழக்கத்தைவிட அகலமாக வாயைத் திறந்துகொண்டு நின்றது. 'க'வின் வால் கீழே இறங்காமல், யாரோ பாதி வாக்கியத்தில் எழுந்து போன மாதிரி வெட்டிக்கொண்டு போனது. 'ழ' ஒரு தடவை வளைந்து, போதாதென்று இன்னொரு தடவையும் வளைந்து பக்கத்து எழுத்தின் காலைத் தொட்டது. புள்ளிகள் புள்ளியாகவே இல்லை. எழுத்தின் தலையில் சும்மா ஒரு தட்டு. மை தீர்கிற இடத்தில் தூரிகையின் மயிர்கள் பிரிந்து கோடு கோடாக வெளுத்திருந்தன. அவசரமும் இருந்தது, பாசமும் இருந்தது.

அவள் போனை எடுத்தாள். டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தாள். பின்பக்கம் அண்ணனின் வேலை அறைக் கதவோரம் ஒரு தாள் துண்டு கிடந்தது. 'சாப்பிட வாங்க. ஆறிடும்.' அதன் மேல் பாதி செருப்புத் தடம். அதையும் எடுத்தாள்.

"என்ன பண்றே?" அண்ணன் துண்டோடு வந்து நின்றான்.

"சும்மா. டப்பா நல்லா இருக்கே, எந்தக் கடைன்னு பார்த்தேன்."

வாயில் வந்த பொய். அண்ணன் டப்பாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். "தெரியல. அவதான் வாங்கினா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது.

அடுத்து வந்த மாதங்களில் சுழி அந்த எழுத்துகளோடுதான் குடும்பம் நடத்தினாள். படங்களைக் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு எழுத்தின் ஓரத்தையும் வரைந்து எடுத்தாள். கையெழுத்தில் ஒரே எழுத்து இரண்டு தடவை ஒரே மாதிரி வராது. அதனால் அடிக்கடி வருகிற எழுத்துகளுக்கு மூன்று மூன்று வடிவம் செய்து, மாறி மாறி வரும்படி வைத்தாள். 'சு', 'டு', 'மு' என்று கொக்கி வாங்குகிற எழுத்துகளில்தான் திண்டாட்டம். எந்தக் கொக்கியை எங்கே வெட்டினாலும் அண்ணியின் கை அதில் அகப்படாமல் நழுவியது. டப்பாக்களில் இல்லாத எழுத்துகளை அவளாக இட்டுக்கட்டினாள். 'ஐ' கிடைக்கவில்லை, 'ஜ' கிடைக்கவில்லை. அவற்றை அண்ணி எப்படி எழுதியிருப்பாள் என்று யோசித்து யோசித்து எழுதினாள்.

தாள்களில் ஒரு அழுக்கு இருந்தது. எழுதிய எழுத்தின் மேல் மை லேசாக இழுபட்டிருந்தது. கை பட்ட அழுக்கு என்று நினைத்து முதலில் எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் மத்தியானம் அந்த இழுப்பை உற்றுப் பார்த்தாள். எல்லாத் தாளிலும் ஒரே திசை. எழுதுகிற கை, எழுதி முடித்த எழுத்தின் மேலேயே நகர்ந்து வந்திருக்கிறது. தூரிகையை இழுத்துக்கொண்டு போகவில்லை, தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. அண்ணி இதையெல்லாம் இடது கையால் எழுதியிருக்கிறாள்.

அதோடு அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது, வராமலே இருந்திருக்கலாம். அண்ணி வீட்டுக்கு வந்த புதிது. எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது சுழிதான், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவள், சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அண்ணி இடது கையால எழுதறாங்க, பார்த்தீங்களா?" விளையாட்டாகத்தான் சொன்னாள். அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த வீட்டுல வலது கையால செய்யப் பழகிக்கோம்மா" என்றாள். அண்ணி "சரிங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் இடது கையைப் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை. அம்மா காலமான பிறகும் பார்த்ததில்லை. யாரும் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் இந்த டப்பாக்களை எழுதியிருக்க வேண்டும்.

சுழி எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். அண்ணிக்கு ஒரு போன் போடலாம் என்று நினைத்தாள். போட்டு என்ன சொல்வது? இத்தனை நாளும் எப்படி இருக்கிறாய் என்று கேட்காதவள், உன் எழுத்து வேண்டும் என்று கேட்பதா? எழுத்துரு முடியட்டும், நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். அவ்வளவு சாமர்த்தியமாகத் தள்ளிப்போட்டாள், அது அவளுக்கே நியாயமாகப் பட்டது.

எழுத்துருவுக்கு 'ஈரம்' என்று பேர் வைத்தார்கள். மாதிரித் தாளில் ஏதாவது வாக்கியம் போட வேண்டுமே. அவள் கை தானாகவே அடித்தது: 'சாப்பிட வாங்க. ஆறிடும்.' செருப்புத் தடத்தைத்தான் துடைத்தாயிற்றே. ரொட்டிக்காரர்களுக்கு எழுத்தும் பிடித்தது, அதைவிட அந்த வாக்கியம் பிடித்தது. அதையே பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள். முதலாளி வாயெல்லாம் பல்லாகச் சம்மதித்தார். "யாரு எழுதினது?" என்று அவர் கேட்டபோது, "பழைய தாள் கொஞ்சம் கிடைச்சுது" என்று சுழி மென்று முழுங்கினாள்.

ஈரம் ஊரெல்லாம் பரவியது. இந்த மாதிரி எழுத்துக்கு அதன் இடம் என்று ஒன்று உண்டு. தலைப்புக்கு வைக்கலாம், வாழ்த்து அட்டைக்கு வைக்கலாம், கடைப் பலகையில் இரண்டு சொல் எழுதலாம். பத்தி பத்தியாக வைத்தால் படிக்கிறவர் கண் வழுக்கி விழும். எச்சரிக்கைப் பலகைக்கு வைத்தால் எச்சரிக்கை கொஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் சுழி குறிப்பாக எழுதிக் கொடுத்திருந்தாள். யார் கேட்டார்கள்? முடிதிருத்தும் கடை, கல்யாண அழைப்பிதழ், குழந்தைத் துணி, சோப்பு என்று ஆரம்பித்து, ஒரு வங்கி 'உங்களோடு நாங்க' என்று சுவர் அளவுக்கு எழுதி வைத்தது. அவள் ஏறுகிற பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று அண்ணியின் கையெழுத்தில் இருந்தது. முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சுவர்ப் பக்கம் பார்க்காமல் நிற்கப் பழகிக்கொண்டாள்.

ஒருநாள் அண்ணனிடமிருந்து போன். அவனாகக் கூப்பிடுகிற ஆள் இல்லை.

"ரொட்டிப் பாக்கெட் பார்த்தியா?" என்றான்.

"எந்த ரொட்டி?" என்றாள் சுழி.

"உங்க அண்ணி எழுத்து. அவளேதான். சாப்பிட வாங்க, ஆறிடும்னு போட்டிருக்கு. எனக்குத்தான் அப்படி எழுதுவா. அவளுக்கு அந்தக் கம்பெனில வேலை கிடைச்சிருக்கும்போல. நான் பார்ப்பேன்னு தெரிஞ்சுதானே எழுதியிருப்பா?"

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று சுழிக்குத் தெரிந்தது. அண்ணனின் குரலில் அப்படி ஒரு தெளிவை அவள் பல காலமாகக் கேட்டதில்லை. அதை உடைக்கத் தைரியம் வரவில்லை. "இருக்கலாம்" என்றாள். அவள் செய்ததிலேயே பெரிய தப்பு எழுத்தை எடுத்தது அல்ல, இந்த ஒரு சொல்தான் என்று பிற்பாடு நினைத்துக்கொள்வாள்.

அடுத்த தடவை போனபோது அண்ணன் வீட்டில் ரொட்டியாகக் கிடந்தது. ஒரு ஆள் எவ்வளவுதான் தின்பான்? காலிப் பாக்கெட்டுகளை மடித்து வைத்திருந்தான். சுவருக்குப் புதுச் சாயம் அடித்திருந்தான். பின்னறையில் அவன் பிரித்துப் போட்டிருந்த மோட்டார்களும் கம்பிச் சுருள்களும் ஓரமாக அடுக்கப்பட்டு, நடுவில் இரண்டு நாற்காலி போடுகிற அளவுக்கு இடம் வந்திருந்தது. சுழி ஒரு வாய் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். மீதியைத் தட்டிலேயே வைத்தாள்.

"அவளுக்குப் போன் பண்ணப்போறேன்" என்றான் அண்ணன்.

"இப்ப வேணாமே அண்ணா. கொஞ்சம் பொறு."

"ஏன்?"

சுழி எழுந்து தட்டைக் கழுவப் போனாள். சில நாள் கழித்து அவன் பண்ணியே விட்டான். என்ன பேசினாய் என்று சுழி கேட்டபோது, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உன் எழுத்தைப் பார்த்தேன், ஊரெல்லாம் இருக்கு, ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன். வெச்சுட்டா."

குட்டு உடைந்தது அந்த வங்கியில்தான். லிஃப்ட் பார்க்கப் போன அண்ணன் சுவரில் இருந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஒரே எழுத்து மூன்று மாதிரி மாறி மாறி வந்து, நாலாவது இடத்தில் இம்மி பிசகாமல் முதல் வடிவத்துக்கே திரும்பியிருந்தது. மனுஷக் கை அப்படி எழுதாது என்று அவனுக்கே தோன்றியிருக்கிறது. அங்கே இருந்த அதிகாரியிடம் கேட்டதற்கு, "அது கம்ப்யூட்டர் எழுத்துங்க, ஈரம்னு பேர்" என்று சொல்லி, செய்த நிறுவனத்தின் பேரையும் சொல்லிவிட்டார்.

அவன் நேராக அலுவலகத்துக்கு வந்தான். கையில் லிஃப்ட் கம்பெனிப் பேர் போட்ட கருவிப் பெட்டி. முதலாளி யாரோ பழுது பார்க்க வந்த ஆள் என்று நினைத்து, "எங்களுக்கு லிஃப்டே இல்லீங்களே" என்றார். சுழி எழுந்து அவனைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனாள். கீழே யாரோ சைக்கிள் மணியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ எடுத்தியா?"

"ஆமா."

"அன்னைக்கு, நான் குளிக்கப் போனப்ப."

"ஆமா அண்ணா."

"அவளைக் கேட்டியா?"

"இல்ல."

அண்ணன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. படியில் உட்கார்ந்துகொண்டான். "கதவுக்குக் கீழே தள்ளுவா அந்தத் துண்டை. நான் காலால ஓரமா ஒதுக்கிட்டு வேலையைப் பார்ப்பேன். அவ எழுதினது ஒண்ணுகூட நான் ஒழுங்கா படிச்சதில்ல. ரொட்டிப் பாக்கெட்ல வந்த அப்புறம்தான் படிச்சேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நான் சொன்னேனே உன்கிட்ட, அவதான் எழுதியிருக்கான்னு. இருக்கலாம்னு சொன்னியே."

சுழி அவனுக்குக் கீழ்ப் படியில் உட்கார்ந்தாள்.

"அவ என்னை என்னன்னு நெனச்சிருப்பா? போய்ச் சொல்லு. நீயே போய்ச் சொல்லு" என்று எழுந்து போனான்.

அண்ணி இருந்த ஊர் பேருந்தில் அரை நாள் தூரம். அங்கே ஒரு கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு வேலை. வாசலில் பூனைக் கூடைகளோடு ஆட்கள் காத்திருந்தார்கள். அண்ணி கொஞ்சம் மெலிந்திருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். சுழியைப் பார்த்ததும், "வா" என்றாள், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. பிறகு இடது கையால் பேனாவைப் பிடித்து, பெரிய வேட்டை நாயைக் கூட்டிவந்த ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். சுழியின் கண் அந்தக் கையிலேயே நின்றது.

கூட்டம் குறைந்ததும் பின்னால் கூண்டுகள் இருக்கிற அறைக்கு அழைத்துப் போனாள். ஒவ்வொரு கூண்டிலும் ஒரு அட்டை. 'கடிப்பான்', 'மருந்து கொடுத்தாச்சு', 'கூட்டமாக வந்து பார்க்க வேண்டாம், வெட்கப்படுவாள்.' எல்லாம் 'ஈரம்' எழுத்துருவில். அச்சடித்தது.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும்."

"ம்."

"இந்த எழுத்து... நான்தான் பண்ணினேன். உங்க டப்பாவெல்லாம் படம் எடுத்து. அண்ணனுக்கு அப்பத் தெரியாது. அவருக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

அண்ணி ஒரு கூண்டின் தாழ்ப்பாளைச் சரிபார்த்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் திறந்து மூடினாள்.

"நீயா?" என்றாள். "நான் அவர்னு நெனச்சேன்."

"தெரியும்."

"என்ன தெரியும் உனக்கு? போன் பண்ணி உன் எழுத்து ஊரெல்லாம் இருக்கு, சந்தோஷம்கிறார். எனக்கு எப்படி இருக்கும்? ஒரு வார்த்தைக்கு வாயைத் திறக்காத மனுஷன், நான் அவருக்கு எழுதினதையே எடுத்துக் கம்பெனிக்குக் குடுத்துட்டு, சந்தோஷம்னு சொல்றார்னு நெனச்சேன். அன்னைக்கு முழுக்க என்னால ஒரு சீட்டு எழுத முடியல."

சுழி அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுதால் அண்ணி தேற்ற வேண்டிவரும். அந்த வேலையையும் அவளுக்குக் கொடுப்பதாக இல்லை.

"இந்த அட்டையெல்லாம் நான்தான் எழுதிட்டிருந்தேன்" என்றாள் அண்ணி. "இங்க வந்த புதுசுல. டாக்டருக்கு ரொம்பப் பிடிக்கும். வர்றவங்க நின்னு படிச்சுச் சிரிப்பாங்க. ஒருநாள் அவர் வந்து, 'உங்க எழுத்து மாதிரியே கம்ப்யூட்டர்ல வந்திருக்கும்மா, இனிமே நீங்க உக்காந்து கஷ்டப்படவேணாம்'னார். நல்ல மனசோடதான் சொன்னார். அதுலேர்ந்து நான் எழுதறதில்ல. எழுதினாலும், இது அந்த ரொட்டி எழுத்துதானேங்கிறாங்க. நானே காப்பி அடிக்கிற மாதிரி ஆயிடுச்சு."

"மன்னிச்சிருங்க அண்ணி."

அண்ணி ஒரு அட்டையை விரலால் தட்டிக் காட்டினாள். 'ஐந்து குட்டிகள்' என்று இருந்தது. "இந்த 'ஐ' யாரு போட்டது?"

"நான்தான். உங்களது கிடைக்கல."

"நெனச்சேன். கையைக் கட்டிட்டு நிக்குது. எனக்கு அவ்வளவு அடக்கமெல்லாம் வராது."

சுழிக்குச் சிரிப்பும் வந்தது, அதோடு சேர்ந்து அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்ததும் வந்துவிட்டது. அண்ணி தேற்றவில்லை. ஒரு காகிதத் துவாலையை மட்டும் நீட்டினாள். அது பூனைகளுக்கு வைத்திருந்தது.

"அது மட்டும் இல்ல அண்ணி. அம்மா முன்னாடி நான்தான் சொன்னேன், நீங்க இடது கைன்னு."

"ஞாபகம் இருக்கு."

"நான் வேணும்னு சொல்லல."

"வேணும்னு சொல்லலதான். ஆனா, அம்மா சொன்னதும் நீ சிரிக்கறதை நிறுத்திட்டே. புரிஞ்சிருக்கு உனக்கு. அப்புறம் ஒரு தடவையாவது, பரவால்ல அண்ணி, உங்க கைலயே எழுதுங்கன்னு சொல்லியிருக்கலாம்."

சுழியால் நிமிர முடியவில்லை. பக்கத்துக் கூண்டில் ஒரு முயல் கிழிந்த காதோடு கீரையை மென்றுகொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அவள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. சட்டப்படி என்ன, நியாயப்படி என்ன என்று அறைக்குள் உலாத்தினார். அண்ணியின் பேரை எழுத்துருவோடு போடலாம் என்றார். எந்தெந்தச் சுவரில் அந்த எழுத்து ஏறியிருக்கிறது என்று சுழி சொன்னதும், அண்ணி போனில் ஒரே பேச்சாக மறுத்துவிட்டாள்: "என் பேரு அந்த மூத்திரச் சுவர்ல வரவேணாம்." விற்ற காசில் பங்கு என்றதற்கு, "அனுப்பச் சொல்லு. வேணாம்னு சொல்ல நான் என்ன தியாகியா?" என்றாள். விற்பனையை நிறுத்தச் சொன்னாள். முதலாளிக்கு மனசே இல்லை. சுழி ராஜினாமாக் கடிதத்தை எழுதி அவர் மேஜையில் வைத்த பிறகு நிறுத்தினார். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, நிமிர்ந்த எழுத்து வேலைகளை மட்டும் அவளுக்குக் கொடுத்தார். ஆனால் ஏற்கனவே வாங்கியவர்களிடமிருந்து எழுத்தைத் திரும்பப் பிடுங்க முடியாது. அது பாட்டுக்குப் புதுப்புதுச் சுவர்களில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அண்ணனும் அண்ணியும் ஒருநாள் நேரில் சந்தித்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஏதோ ஒரு ரயில் நிலைய உணவகத்தில். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. அண்ணன் திரும்பி வந்து, "நல்லா இருக்கா" என்றான். அடுத்த வருஷம் இருவரும் முறைப்படி பிரிந்தார்கள். கோபதாபம் இல்லை. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அண்ணன் அவளைப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தானாம். அவன் பின்னறையில் மோட்டார்கள் மறுபடியும் தரைக்கு இறங்கின.

சுழியால் ஒரு கணக்கை மட்டும் விட முடியவில்லை. அந்த எழுத்து வெளியே போகாமல் இருந்திருந்தால்? அண்ணன் அந்தப் போனில் வேறு ஏதாவது சொல்லியிருந்தால்? இவள் 'இருக்கலாம்' என்று சொல்லாமல் இருந்திருந்தால்? வேலை செய்யும்போதும், பேருந்தில் நிற்கும்போதும் அதையே போட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். கடைசியில் ஒருநாள் அண்ணிக்குப் போன் பண்ணி, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டாள்.

"அண்ணி, என்னாலதானா?"

அந்தப் பக்கம் ஏதோ நாய் குரைத்து அடங்கியது.

"நீ என் எழுத்தை எடுத்தே. அது நீ பண்ணினது. அதை நான் மறக்கப்போறதில்ல. இன்னும் கொஞ்ச நாள் உன்மேல கோபமாத்தான் இருப்பேன்" என்றாள். "ஆனா எங்க ரெண்டு பேரையும் சேர்க்கவும் பிரிக்கவும் நீ அவ்வளவு பெரிய ஆள் இல்ல. அதையெல்லாம் எடுத்துத் தலைல வெச்சுக்காதே. அது எங்களோடது."

"சரி அண்ணி."

"இனிமே நான் உனக்கு அண்ணியா என்னன்னு தெரியல. எப்படிக் கூப்பிடறதோ நீயே முடிவு பண்ணிக்கோ."

"அண்ணின்னே கூப்பிடறேனே."

"கூப்பிடு. வேலை இருக்கு, வெச்சிடறேன்."

போன் அணைந்த பிறகும் சுழி அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பாரம் இறங்கிய மாதிரி இல்லை. பாதியை யாரோ வாங்கிக்கொண்டு, மீதியை இது உன்னுடையதுதான் என்று பத்திரமாக அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. மேஜையில் ஒரு பள்ளிக்கூட அகராதிக்கான எழுத்துகள் பாதியில் நின்றன. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வரையத் தொடங்கினாள்.